ஏரிக்கரையை விட்டு எங்கே போகிறீர்கள்?

காலாண்டு விடுமுறை நெருங்கினால் ஒரகடம், படப்பை, ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஒரே பேச்சுத்தான். மசினகுடியில் கூடாரம் போட்டுத் தருகிறார்களாம், ஏற்காட்டில் எஸ்டேட் நடுவே தங்கலாமாம், வயநாட்டில் ராத்திரி யானை வருமாம். செலவைக் கேட்டால் தலை சுற்றும். ஆனாலும் அட்டையை நீட்ட ஒரு நியாயம் தயாராக இருக்கிறது. “பிள்ளைங்க சிமெண்டுக்குள்ளேயே வளருது சார், வருஷத்துக்கு ஒரு தடவையாவது நிஜக் காட்டைப் பார்க்கட்டும்.” பயண நிறுவனங்களின் விளம்பரமும் பள்ளிகளின் சுற்றறிக்கையும் பெற்றோர் கூட்டத்துக்கு வந்து பேசும் ஆலோசகர்களும் இதையேதான் சொல்கிறார்கள். தொழிற்பேட்டையில் இயற்கை செத்துவிட்டது, அது மலையில்தான் மிச்சம் இருக்கிறது, குழந்தையை அங்கே கூட்டிப்போவது பெற்றோரின் கடமை.

இந்தப் பேச்சின் பின்னால் பாசம் இருக்கிறது. பிள்ளை கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு வானத்தை அண்ணாந்து பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுவதில் குற்றம் எதுவும் இல்லை. அதற்குக் காட்டும் வழியில்தான் குற்றம். அந்த வழி மூன்று நம்பிக்கைகளை வைத்து நிற்கிறது. ஒன்று, நாம் குடியிருக்கும் இடத்தில் காட்டுயிர் என்று எதுவும் கிடையாது. இரண்டு, இருக்கும் ஒன்றிரண்டும் பாம்பு, தேள் என்று ஆபத்தானவை. மூன்று, குழந்தையின் மனதில் பதிய வேண்டுமென்றால் யானை, காட்டெருமை அளவுக்குப் பெரிய விலங்காக இருக்க வேண்டும். மூன்றும் பொய். அவற்றில் மூன்றாவது, வருங்காலத்தையும் சேர்த்துக் கெடுக்கும் பொய்.

முதல் பொய்யை எடுத்துக்கொள்வோம். நீர்வளத் துறையின் பொறுப்பில் காஞ்சிபுரம் மாவட்டத்தில் 381 ஏரிகள், செங்கல்பட்டு மாவட்டத்தில் 528 ஏரிகள், ஆக 909. ஊராட்சிகளின் பொறுப்பில் இருக்கும் சிற்றேரிகளும் தாங்கல்களும் குளங்களும் இந்தக் கணக்கில் வராது. ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், ஒரகடம், மணிமங்கலம், சோமங்கலம் என்று கம்பெனிப் பேருந்தின் ஜன்னல் வழியே நாம் கடந்துபோகும் ஊர்கள் ஒவ்வொன்றும் ஏரி வைத்திருக்கும் ஊர்கள். சென்னையின் நடுவே ஓடும் அடையாறு இந்தப் பகுதி ஏரிகளின் உபரி நீரைச் சேர்த்துக்கொண்டுதான் ஆறாகிறது. இருங்காட்டுக்கோட்டையின் கார் தொழிற்சாலைக்குக் கொஞ்ச தூரத்தில் 24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவும் கொண்ட செம்பரம்பாக்கம் ஏரி கிடக்கிறது. இவ்வளவு நீரைத் தேக்கி வைக்கும் நிலத்தில் உயிர் இல்லை என்று சொல்பவர் ஒரு விடியற்காலை கூடக் கரைமேல் ஏறிப் பார்த்திருக்க மாட்டார்.

ஏறிப் பார்த்தால் ஓர் ஆண்டு முழுக்கப் பார்க்க இருக்கிறது. ஐப்பசியில் மழை கொட்டத் தொடங்கிய இரவில் தவளைகள் போடும் சத்தத்தில் தொலைக்காட்சியை அணைத்துவிடலாம். ஏரி நிரம்பி மார்கழி, தை வரும்போது நீலச்சிறகு வாத்தும் ஊசிவால் வாத்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் அதற்கு வடக்கேயிருந்தும் வந்து இறங்குகின்றன. இங்கேயே குடியிருக்கும் புள்ளிமூக்கு வாத்து அவற்றோடு கலந்து மேய்கிறது. கோரைப் புதருக்குள் நீலத் தாழைக்கோழி நீண்ட விரல்களை மெதுவாக எடுத்து வைத்து நடக்கிறது. மாசி, பங்குனியில் நீர் வடிய வடிய மீனும் நத்தையும் ஆழமில்லாத இடத்தில் மாட்டிக்கொள்ளும். கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன் எல்லாம் அதைத் தேடி வரும். சித்திரையில் படுகை வெடித்துக் கிடக்கும்போது மாடு மேயும், மாட்டின் காலடியில் உண்ணிக்கொக்கு பூச்சி பிடிக்கும். ஆள்காட்டி வெறுந்தரையில் கூழாங்கல் நிறத்தில் முட்டையிட்டுவிட்டு, நாம் கிட்டப் போனால் ஊரைக் கூட்டும். பனையின் உச்சியில் உழவாரன், ஓலை நுனியில் தூக்கணாங்குருவிக் கூடு, தொழிற்சாலைக்குப் போகும் மின்கம்பியில் பனங்காடை. கரையோரப் புதரில் கௌதாரி, கீரி, முயல், உடும்பு. இருட்டிய பிறகு கூகையும் மரநாயும்.

இவை நம் கண்ணில் படாததற்குக் காரணம் எளிது. தொழிற்பேட்டையின் வாழ்க்கை ஷிப்ட் கணக்கில் ஓடுகிறது. முதல் ஷிப்டுக்குப் போகிறவர் பேருந்தில் தூங்குகிறார், இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவரும் தூங்குகிறார். ஜெனரல் ஷிப்ட்காரர் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு இடையே நெளிந்து வீடு சேர்கிறார். நம்மில் பெரும்பாலோர் திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர் என்று வேறு மாவட்டங்களிலிருந்தும் வேறு மாநிலங்களிலிருந்தும் வேலைக்காக வந்தவர்கள். சொந்த ஊர் ஏரியின் பெயர் தெரியும், மதகு எந்தப் பக்கம் என்று தெரியும். இங்கே வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஏரியின் பெயர் தெரியாது. நிலப் பதிவேடும் தன் பங்குக்கு உதவுகிறது. முள்ளும் புல்லும் முயலும் கௌதாரியும் உள்ள நிலத்துக்கு அதில் தரிசு என்றோ மேய்க்கால் புறம்போக்கு என்றோதான் பெயர். பதிவேட்டில் காலியாகக் கிடப்பது கண்ணுக்கும் காலியாகத் தெரிய ஆரம்பித்துவிடுகிறது.

இரண்டாவது நம்பிக்கைக்கு வருவோம். “ஏரிக்கரையில பாம்பு இருக்கும்” என்கிறார்கள். இருக்கும். நாகம், கண்ணாடி விரியன், கட்டு விரியன், சுருட்டை விரியன் நான்கும் இந்த மாவட்டங்களில் உண்டு. ஆனால் அவற்றைப் பற்றிய அறிவும் இதே மாவட்டங்களில்தான் உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இந்த நான்கு பாம்புகளிடமிருந்தும் எடுக்கும் நஞ்சிலிருந்துதான் இந்தியாவின் நஞ்சுமுறி மருந்தில் பெரும்பகுதி தயாராகிறது. செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைக்கப்பட்டார்கள். அங்கே பெருகிவிட்ட மலைப்பாம்புகளைத் தேடிப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023இல் பத்மஸ்ரீ பெற்றார்கள். அமெரிக்கா ஆளனுப்பிக் கேட்ட அறிவு பக்கத்துத் தாலுகாவில் இருக்கிறது. நம் பள்ளிகளோ அவர்களில் ஒருவரையும் ஒரு மணி நேரம் அழைத்துப் பேசவைத்ததில்லை, ஆனால் குதிரையேற்றத்துக்கும் ரோபோட்டிக்ஸுக்கும் முகாம் நடத்துகின்றன.

பாம்புக்குப் பயந்து ஏரியைத் தவிர்ப்பவர் வீட்டில் தரையில் படுப்பதற்கும் பயப்பட வேண்டும். கட்டு விரியன் பெரும்பாலும் இரவில், தரையில் தூங்குபவரைத்தான் கடிக்கிறது. வலி அதிகம் இல்லாததால் கடித்ததே தெரியாமல் போவதும் உண்டு. அதற்கான தற்காப்பைப் பிள்ளைக்குச் சொல்லித்தர ஐந்து நிமிடம் போதும். இருட்டில் டார்ச் இல்லாமல் நடக்கக் கூடாது. புதருக்குள் கை விடக் கூடாது. படுக்கக் கட்டிலும் கொசுவலையும் வேண்டும். கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டாமல், கீறாமல், உறிஞ்சாமல், கடிபட்ட இடத்தை அசைக்காமல் வைத்துக்கொண்டு 108ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் தமிழ்நாடு 2024 நவம்பரில் சேர்த்தது. இந்த அறிவு, மலைக்குப் போனாலும் போகாவிட்டாலும், இந்த மண்ணில் வளரும் எல்லாக் குழந்தைக்கும் தேவை.

தூரத்துக் காடு பாதுகாப்பானது என்பது இன்னும் பெரிய மாயை. 2021 ஜனவரியில் வயநாட்டு மேப்பாடி அருகே ஒரு விடுதியின் கூடாரத்தில் தங்கியிருந்த ஆசிரியையை யானை தாக்கிக் கொன்றது. அதே மாதம் மசினகுடியில், விடுதிப் பக்கம் வந்த யானைமேல் எரியும் டயரை வீசினார்கள். அந்த யானை தீக்காயத்தோடு அலைந்து இறந்தது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்துகொண்டது. 23 பேர் மாண்டார்கள். மசினகுடியை ஒட்டிய சீகூர் யானை வழித்தடத்தில் முளைத்த விடுதிகளை மூடி இடத்தை யானைகளுக்கே விட வேண்டும் என்ற சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் உறுதிசெய்தது. இயற்கை மீதான அன்பை வளர்க்கிறோம் என்று போய்த் தங்குகிற கட்டடமே யானையின் பாதையை அடைத்துக்கொண்டு நின்றிருக்கிறது என்றால், அந்தக் கட்டடத்தின் முற்றத்தில் எரியும் கேம்ப் ஃபயரைச் சுற்றி உட்கார்ந்து குழந்தை என்ன கற்றுக்கொள்ளும்? குரங்குக்குச் சிப்ஸ் போடவும், ஜீப்பில் நின்றபடி மானைப் பார்த்துக் கத்தவும் கற்றுக்கொள்ளும்.

ஏரியிலும் உண்மையான ஆபத்துகள் உண்டு. அவற்றில் பெரியது காட்டுயிர் அல்ல. சவுடு மண் அள்ளிய பள்ளங்கள் மழைநீர் நிரம்பியதும் சமதளம் மாதிரித் தெரியும், இறங்கினால் ஆளை விழுங்கும். கரைச் சாலையில் வேகமாக வரும் டிப்பர் லாரி, குப்பை மேட்டு நாய்க் கூட்டம், உடைந்த மதுப் புட்டி. எல்லாம் மனிதர்கள் செய்து வைத்தவை. “ஏரி ஆபத்து” என்று பிள்ளையை வீட்டுக்குள் இழுப்பவர்கள், பள்ளத்தை மூடு, லாரியை நிறுத்து என்று கேட்டிருக்க வேண்டும்.

மூன்றாவது நம்பிக்கை, பெரிய விலங்கு. யானையைப் பார்த்த குழந்தையின் கண் விரிவதை யாரும் மறுக்க முடியாது. முதுமலைக்குப் போகாதீர்கள் என்பதும் என் வாதமல்ல. வருடத்துக்கு ஒருமுறை, ஐந்நூறு கிலோமீட்டர் தாண்டி, காசு கொடுத்துப் பார்ப்பதை அறிவு என்று எண்ணுவதைத்தான் மறுக்கிறேன். ஒரு தடவை பார்த்தது காட்சி. திரும்பத் திரும்பப் பார்த்தால்தான் பழக்கம், பழக்கத்திலிருந்துதான் அறிவு. ஆள்காட்டி எங்கே முட்டையிட்டது, போன வாரம் நான்கு இருந்தது இந்த வாரம் ஏன் மூன்று, கீரியா காகமா, அடுத்த வருஷமும் அதே இடத்துக்கு வருமா என்று கேட்கத் தொடங்கும் பிள்ளை, யானையோடு செல்ஃபி எடுத்துக்கொண்ட பிள்ளையைவிட இயற்கை அறிவியலுக்கு நெருக்கத்தில் இருக்கிறது.

இதற்கு நம்மிடமே முன்னோடி உண்டு. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912–1996) இந்தியாவின் மிகச் சிறந்த காட்டுயிர் எழுத்தாளர்களில் ஒருவர். யானைகளை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவர். ‘தி ஸ்டேட்ஸ்மன்’ இதழில் 1950 முதல் சாகும்வரை எழுதிய பத்தியில் காட்டுக்குக் கொடுத்த மரியாதையை அணிலுக்கும் காகத்துக்கும் வயல்வெளிப் பறவைக்கும் கொடுத்தார். தமிழில் அவர் எழுதிய கட்டுரைகள் சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்து ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்ற நூலாகக் கிடைக்கின்றன. மயிலாப்பூரில் குடியிருந்த மனிதர் அவர். வெளிநாட்டில் பார்த்தால் அமெரிக்க வண்ணத்துப்பூச்சி ஆய்வாளர் ராபர்ட் மைக்கேல் பைல். கண்முன்னால் இருக்கும் சாதாரண உயிர்கள் மறையும்போது மனிதரின் அனுபவமே அழிந்துபோகிறது, அனுபவம் அழிந்தவர்களுக்குப் பாதுகாக்கும் அக்கறையும் வராது என்று வாதிட்டவர். அவர் வண்ணத்துப்பூச்சி பார்க்கக் கற்றது தேசியப் பூங்காவில் அல்ல, டென்வர் நகர்ப்புறத்தில் தன் வீட்டருகே ஓடிய பழைய பாசனக் கால்வாயின் கரையில். பாசனக் கால்வாய்க்கு நம்மிடம் பஞ்சமா?

மூன்றாவது பொய் வருங்காலத்தைக் கெடுக்கிறது என்று சொன்னேனே, அதற்கு வேடந்தாங்கலை வைத்துப் பதில் சொல்லலாம். ஒரகடத்திலிருந்து காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடும் தூரம். அது காடு அல்ல, விவசாயத்துக்கு நீர் தேக்கும் சுமார் 30 ஹெக்டேர் ஏரி. பறவை எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்று அறிந்த ஊர்க்காரர்கள், அங்கே பறவைகளைச் சுட்டவர்கள்மீது புகார் சொல்ல, 1798இல் செங்கல்பட்டு ஆட்சியர் லயனல் பிளேஸ் பறவைகளைக் காக்கும் உரிமையை ஊருக்கு எழுதிக் கொடுத்தார். பாதுகாத்தவர்கள் சுற்றுலாப் பயணிகள் அல்ல. தினமும் அந்தக் கரையில் நடந்தவர்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஏரி மரத்தில் கூடு கட்டும் நாரை அந்த ஏரியிலேயே இரை தேடுவதில்லை. சுற்றுவட்டார ஏரிகளுக்கும் வயல்களுக்கும் பறந்துபோய்க் குஞ்சுக்கு மீன் கொண்டுவருகிறது. வேடந்தாங்கல் படுக்கையறை என்றால், பெயர் தெரியாத பக்கத்து ஏரிகள்தான் சமையலறை. அதனால்தான் 1998இல் ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் ஆரமும் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2020இல் அந்த எல்லையைச் சுருக்கும் யோசனை வந்தபோது எதிர்ப்பு எழுந்தது. 2022இல் வேடந்தாங்கலும் கரிக்கிலியும் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றன. பெரிய பெயர் உள்ள இடத்தை மட்டும் காப்பாற்றி, பெயரில்லாத ஏரியெல்லாம் மனையாகப் போகட்டும் என்று விட்டால் நாளடைவில் பெரிய பெயரும் வெறும் பலகையாகத்தான் நிற்கும். பெயரில்லாத ஏரியைப் பார்க்கவே பழகாத தலைமுறை அதைக் காப்பாற்ற வராது. 2022இல் பரந்தூர் விமான நிலையத் திட்டம் அறிவிக்கப்பட்டபோது ஏகனாபுரத்து மக்கள் தங்கள் ஏரியையும் கால்வாயையும் பெயர் சொல்லி எதிர்த்தார்கள். விமான நிலையம் வேண்டுமா வேண்டாமா என்று ஆயிரம் வாதம் நடக்கட்டும். ஆனால் தன் ஏரியின் பெயர் தெரிந்தவர்களால்தான் அந்த வாதத்தில் பங்கெடுக்கவே முடிந்தது.

எதிர்த் தரப்பில் இன்னும் சில நியாயங்கள் மிச்சம் இருக்கின்றன. ஏரிகள் நாறுகின்றன என்பார்கள். சில நாறத்தான் செய்கின்றன. கழிவுநீர் வருகிறது, ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கிறது, கரையில் குப்பை எரிகிறது. பிள்ளை அதையும் பார்க்கட்டும். எந்தக் குழாயிலிருந்து வருகிறது என்று கேட்கட்டும். மலை விடுதியின் கழிவு எங்கே போகிறது என்று எந்தப் பிள்ளையும் கேட்க விடப்படுவதில்லை. நேரமில்லை என்பார்கள். மசினகுடிக்கு மூன்று நாள் விடுப்பு வேண்டும், ஏரிக்கு ஞாயிறு காலை ஆறிலிருந்து எட்டு வரை போதும். ஒப்பந்தத் தொழிலாளியின் பிள்ளைக்கும் அந்த இரண்டு மணி நேரம் இலவசம். இயற்கை மலையில்தான் இருக்கிறது என்ற பேச்சுக்குள், இயற்கை காசுள்ளவர்களுக்குத்தான் என்ற பேச்சும் ஒளிந்திருக்கிறது.

கூடாரம் போடும் கிளர்ச்சி கரையில் கிடைக்காதே என்றால், கரையில் போட வேண்டாம். அது நீர்வளத் துறையின் இடம், இரவில் தங்கும் இடமும் அல்ல. மொட்டை மாடியில் போடுங்கள். கட்டிலும் கொசுவலையும் தண்ணீர்ப் பாட்டிலும் ஒரு டார்ச்சும் போதும். தொழிற்சாலை விளக்குகளின் வெளிச்சத்தையும் மீறி எத்தனை நட்சத்திரம் தெரிகிறது என்று எண்ணலாம், தெருவிளக்கைச் சுற்றும் பூச்சியை வௌவால் பிடிப்பதைப் பார்க்கலாம், கூகை கத்தினால் எந்தப் பக்கம் என்று பந்தயம் கட்டலாம். விடிந்ததும் டீயைக் குடித்துவிட்டுக் கரைக்கு நடக்கலாம். பொங்கல் விடுமுறையில் தமிழகப் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். குறைந்தது பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று பார்த்த பறவைகளை எண்ணி இ-பேர்ட் தளத்தில் பதிவேற்றினால் போதும். உங்கள் பிள்ளை எண்ணிய கொக்கும் அந்த ஏரியின் ஆவணத்தில் ஒரு வரியாகச் சேரும்.

கடைசியாக, ‘ஏரி மேம்பாடு’ என்ற பெயரில் நடப்பதைப் பற்றி. நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியில் தூர்வாரும்போது கரையெங்கும் கான்கிரீட் தளமும் வண்ண விளக்கும் படகுத்துறையும் வைத்துத் திறப்புவிழா நடத்துகிறார்கள். கோரையும் சேறும் போனதும் தாழைக்கோழியும் போய்விடுகிறது, இரவெல்லாம் எரியும் விளக்கில் ஆந்தைக்கு இடமில்லை. இயற்கை என்றால் விடுதிப் புல்வெளி என்று பழகிய பெற்றோருக்கு இது முன்னேற்றமாகத் தெரிகிறது, கைதட்டுகிறார்கள். தூர்வாருங்கள், ஆனால் கோரையை விட்டு வையுங்கள், சவுடுப் பள்ளத்தை மூடுங்கள், கழிவுநீர்க் குழாயை அடைத்துவிடுங்கள், பிள்ளைகள் நடக்க ஒரு மண்பாதை போதும் என்று கேட்க வேண்டியவர்கள் அந்தப் பெற்றோர்தான். விடுதிக்கு முன்பணம் கட்டுமுன் ஊராட்சி அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதுங்கள். அதற்கு முதலில் அந்த ஏரியின் பெயர் தெரிய வேண்டும். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கரைக்குப் போய் மாடு மேய்ப்பவரிடம் கேளுங்கள், சொல்வார்.